ஏப்ரல், மே மாதம் தாப்பா பக்கம் வருகிறவர்களுக்கு: மலையைப் பார்த்துத் துணி காயப்போடுங்கள்

"அண்ணா, மே மாதம் வேலையில் சேரச் சொல்கிறார்கள். அங்கே கோடை எப்படி, மழைக்காலம் எப்போது?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வருஷா வருஷம் வருகிற கேள்விதான். இந்த முறை கொஞ்சம் விரிவாக எழுதிவிடுகிறேன். நான் தென்காசிக்காரன். மலேசியாவில் பேராக் மாநிலம் தாப்பாவை ஒட்டிய ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் ஆறு வருஷமாக எலக்ட்ரீஷியன்.

முதலில் ஊர் காலண்டரை மறந்துவிடுங்கள். சித்திரை கடைசியில் கத்திரி தொடங்கும், வைகாசி நடுவில் முடியும் என்ற கணக்கு இங்கே செல்லாது. தாப்பாவில் வருஷம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி, ராத்திரி 23, 24. மார்ச்சிலிருந்து மே வரை ஒன்றிரண்டு கூடும், அவ்வளவுதான். மலேசியாவில் பதிவான உச்ச வெப்பமே 40.1 டிகிரிதான், 1998 ஏப்ரலில், பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில். வேலூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் இங்கே சட்டை நனைந்தால் நனைந்ததுதான், வேர்வை காயவே காயாது. முதல் மாதம் எனக்கு அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

அடுத்த குழப்பம் தென்மேற்குப் பருவக்காற்று. எங்களுக்கு ஜூன் என்றால் குற்றாலத்தில் சாரல். இங்கேயும் அதே காற்று வீசுகிறது என்று படித்துவிட்டு முதல் வருஷம் ஜூனுக்காகக் காத்திருந்தேன். ஜூன் வந்தது, மழை குறைந்தது! விஷயம் என்னவென்றால், அந்தக் காற்றுக்கு முன்னால் சுமத்ரா தீவு கிடக்கிறது. அங்கிருக்கிற மலைகள் மழையை வாங்கிக்கொள்கின்றன. பொதிகை வாங்கிக்கொண்ட மிச்சம் திருநெல்வேலிக்கு வருகிற கதைதான்.

அப்போ மழை எப்போது? ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றொன்று தொடங்காத இடைமாதங்களில். ஏப்ரல், மே ஒரு முறை. அக்டோபர், நவம்பர் இன்னொரு முறை. காற்று பலமாக இல்லாததால் காலை வெயிலில் தரை நன்றாகச் சூடேறுகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து கடல்காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. மோதிய காற்று மேலே ஏற வேண்டியதுதான், இரண்டு மூன்று மணிக்குள் மேகம் கோபுரமாகிவிடும். நம் ஊர் கோடைமழையும் ஏறக்குறைய இப்படித்தான் உண்டாகிறது. அங்கே சித்திரையில் நாலு தரம் வந்தால் கொண்டாட்டம். இங்கே ஒரு வாரத்தில் நாலு தரம் வரும்.

அதனால் இந்த ஊரில் வருஷத்தைப் பிரிக்காதீர்கள், நாளைப் பிரியுங்கள். காலை உங்களுடையது. துணி துவைப்பது, வங்கிக்குப் போவது, பசாரில் காய் வாங்குவது எல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடியட்டும். மத்தியானத்துக்கு மேல் வானத்தைக் கேட்டுக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். நான் குடிவந்த முதல் வாரம், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அக்கா சொன்னது இன்றுவரை பொய்த்ததில்லை: "தம்பி, மேல ஆகாசத்த பாக்காதீங்க. மலை இருக்கான்னு பாருங்க. மலை காணாமப் போச்சுன்னா துணிய எடுத்துருங்க." மலை மறைந்தால் பெரும்பாலும் அரைமணியில் மழை நம் தலைக்கு மேல்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில நாள் விடிவதற்கு முன்பே மேற்கிலிருந்து, சுமத்ரா பக்கமிருந்து, மேகங்கள் வரிசை கட்டி நீரிணையைத் தாண்டி வரும். திடீரென்று பலத்த காற்று, ஒன்றிரண்டு மணிநேரம் மழை, சாலையில் விழுந்த கிளைகள். இடைமாதங்களிலும் தென்மேற்குப் பருவத்திலும் இது உண்டு. ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவர்களுக்கு இதுதான் எதிரி. பட்டை நனைந்திருந்தால் பால் கோப்பைக்குள் இறங்காமல் மரத்தில் வழிந்து ஓடிவிடும், அன்றைக்கு வெட்டு இல்லை. வேலை நாளுக்குத்தான் கூலி என்று ஒப்பந்தம் போடுகிறவர்கள் மழைநாள் கணக்கு என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அறிந்த ஒருவர் கேட்காமல் வந்து, முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. தாப்பாவுக்கு மேலே இருக்கிற கேமரன் மலை பகாங் மாநிலம், தாப்பா பேராக் மாநிலம். மழைக்கு அந்த எல்லை கிடையாது. மலையில் கொட்டியது கீழே வந்தே தீரும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் லாத்தா இஸ்கண்டார், லாத்தா கிஞ்சாங் என்று அருவிக்குக் கிளம்புவார்கள். குற்றாலத்தில் குளித்தவன் என்ற தைரியத்தில் நீங்களும் இறங்குவீர்கள். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கூடினாலோ செருப்பைத் தேடாதீர்கள், கரையேறுங்கள். இங்கே அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள், ஒரேயடியாகப் பாய்ந்து வரும் வெள்ளத்தின் தலை. குற்றாலத்தில் போலீஸ் விசில் ஊதி ஏற்றிவிடும். இங்கே பல இடங்களில் விசில் ஊத ஆள் இருக்காது. இந்த மலையடிவாரத்துக்கு 1996 ஆகஸ்ட் 29 மறக்காத தேதி. கம்பார் அருகே போஸ் டிபாங் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளும் ஆற்றோடு இறங்கி 44 பேரைக் கொண்டுபோனது.

மலைச்சாலைக்கும் இதே கணக்குதான். தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் இருக்கிற தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. காலையில் ஏறுங்கள். மத்தியானம் மழை பிடித்தால் மூடுபனியும் சேரும், சில நாள் மண் சரிந்து பாதை அடைபடும். 'தானா ருந்தோ' என்ற பலகையைக் கண்டால் அது நிலச்சரிவுப் பகுதி, அங்கே நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். மேலே 1,400 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் கீழே 33 என்றால் அங்கே 23, ராத்திரி 16. ஸ்வெட்டர் ஒன்று போதும். ஜெர்கின், குரங்குத் தொப்பி எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும்.

கீழே வந்திருக்கும் கேள்விகளுக்கு:

மின்னல் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு: பயந்தது நியாயம்தான். இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நான் எலக்ட்ரீஷியனாக இருந்தும் முதல் மே மாதத்திலேயே என் மோடம் கருகியது. இடி கேட்டதும் டிவி, மோடம், கம்ப்யூட்டர் ஒயர்களைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்னொன்று, மின்னலில் இங்கே வீட்டின் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே வெட்டும் சுவிட்ச்) அடிக்கடி விழும். ஊருக்குப் போகும்போது ஃப்ரிட்ஜில் மீன் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வந்து கதவைத் திறந்த கதையை நான் சொல்லப் போவதில்லை.

செம்பனை அறுவடைக்கு வரும் தம்பிகளுக்கு: உங்கள் கையில் இருப்பது அரிவாள் கட்டிய நீளமான அலுமினியக் கம்பு. இடிச்சத்தம் கேட்டால் அதைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ லோரிக்குள்ளோ போங்கள், மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்துத்தான் வெளியே வரவேண்டும். மண்டோர் (மேஸ்திரி) அவசரப்படுத்துவார், பறித்த குலை 24 மணிநேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பது அவர் கவலை. அது உண்மைதான். ஆனாலும் அரைமணியில் ஒன்றும் கெட்டுப்போகாது.

மோட்டார் சைக்கிள்: ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு வாரத்தில் நீங்களும் போடுவீர்கள். மழைக்கோட்டு சீட்டுக்கடியிலேயே இருக்கட்டும். நெடுஞ்சாலையில் பாலத்துக்கடியில், சாலையோரமாக ஒதுங்கி நிற்பது ஆபத்து.

காய்ச்சல்: மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் டெங்கி. பூத்தொட்டித் தட்டில் நிற்கிற தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டுங்கள். காலில் புண்ணோடு தோட்டத்துத் தேங்கிய தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கும் வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் தோட்ட வேலை என்பதைச் சொல்லிவிடுங்கள்.

எச்சரிக்கை எங்கே பார்ப்பது: மலேசிய வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலி. தமிழில் இல்லை, நாலு மலாய்ச் சொல் போதும். 'ரிபுட் பெத்திர்' என்றால் இடிமழை. தொடர்மழைக்கு மஞ்சளில் 'வஸ்படா', ஆரஞ்சில் 'பூரோக்', சிவப்பில் 'பஹாயா'. சிவப்பு வந்தால் லீவு சொல்லிவிடுங்கள்.

அம்மா அப்பாவை எப்போது அழைத்து வரலாம் என்று கேட்டவருக்கு: ஜூன், ஜூலை. மழை குறைவு, மலைச்சாலையும் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அந்த மாதங்களில் புகைமூட்டம் வரலாம், அதற்குக் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா இருக்கிறவர்கள் வெளியே போக வேண்டாம். சனி ஞாயிறில் கேமரன் மலைக்குக் கூட்டிப்போகாதீர்கள், பாதி நாள் காரிலேயே போய்விடும்.