பக்லிங் ஸ்பிரிங்குக்கு ஒரு சொல்: நெளிவில், ஒசிவில், நொடிவில்

நண்பர்களே, வணக்கம்.

ஐபிஎம் மாடல் எம் என்ற பழைய கணினி விசைப்பலகையின் பழுதுபார்ப்புக் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு குழலுக்குள் நிற்கும் சுருள்வில்லான பக்லிங் ஸ்பிரிங் என்பதற்கு ‘நெளிவில்’ என்று போட்டிருக்கிறேன். பத்தி இது:

“ஒரு விசை மட்டும் ‘டக்’ என்ற ஓசையில்லாமல் மெத்தென்று அமுங்கி, எழுத்தும் விழவில்லையானால், விசைமூடியை நேர்மேலாக இழுத்துக் கழற்றவும். ஸ்பேஸ்பார் மேலே வரும்படி பலகையைச் செங்குத்தாக நிறுத்தவும். நெளிவில் குழலின் ஒரு பக்கமாகச் சாயும். அப்படியே வைத்து மூடியை அழுத்திப் பொருத்தவும்.”

பலகையைப் படுக்கவைத்துப் பொருத்தினால் வில் மூடிக்குள் கோணலாக மாட்டிக்கொள்ளும். கழற்றித் துடைத்து மாட்டியதும் வரும் பழுது பெரும்பாலும் இதுதான். சொல் சரிதானா?

---

> நெளிவில் குழலின் ஒரு பக்கமாகச் சாயும்

தம்பி, இதை ‘நெளிவு + இல்’ என்றே முதலில் படித்தேன். எது சாயும் என்று தேடினேன். ‘வளைவில்’ என்றாலும் இதே சிக்கல்தான். ‘ஒசிதல்’ (வளைந்து துவளுதல்) பொருத்தமான பழஞ்சொல். ஆனால் ‘ஒசிவில்’ என்று எழுதினால் நம் ஆட்கள் ‘ஓசி’ என்று படித்துவிடுவார்கள். ‘மடிவில்’ வேண்டவே வேண்டாம், மடிந்த வில் கெட்ட வில்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒரு ரோத்தான் பிரம்பை நிமிர்த்தி ஊன்றி உச்சியில் அமுக்கினால், கொஞ்சம் தாங்கும். பிறகு சட்டென்று விலாப்பக்கம் புடைக்கும். இந்த வில்லும் அப்படித்தான். புடைத்துக் குழலின் சுவரில் அடிக்கும், அதுதான் ‘டக்’. அதே கணத்தில் அடியிலுள்ள துண்டு சாய்ந்து மின்தொடர்பு தரும் மென்படலத்தை அழுத்தும், எழுத்து விழும். வெறும் வளைவு அல்ல இது, திடீரென்று தாங்காமல் புடைப்பது, ஓசையும் உண்டு.

என் பரிந்துரை: நொடிவில். விரலை நொடித்தால் ஓசை வரும்; தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொன்னதும் கண்ணிமையையும் கைநொடியையும் வைத்துத்தான். தாங்கிக்கொண்டிருந்தது தாங்காமல் போவதையும் ‘நொடித்துப்போச்சு’ என்கிறோம். ஐபிஎம் 1978இல் பெற்ற காப்புரிமையின் தலைப்பிலேயே ‘ஸ்னாப்’ (சட்டென்று நொடித்தல்) என்ற சொல் இருக்கிறது.

---

ஐயா, சொல் அழகு. இரண்டு தடை. நொடி என்றால் மாணவர்களுக்கு ‘செகண்ட்’தான், கடிகார வில் என்று நினைக்கலாம். இன்னொன்று, ‘நொடித்த வில்’ என்றால் கெட்டுப்போன வில் என்றாகாதா?

---

முதல் தடையைப் படம் ஒன்று போட்டால் தீர்த்துவிடலாம். இரண்டாவதற்கு இலக்கணமே விடை: ஊறுகாய் போல இது வினைத்தொகை. நொடித்த, நொடிக்கிற, நொடிக்கும் வில். ஒவ்வொரு அழுத்தத்திலும் நொடித்து நிமிர்வதுதான் அதன் வேலை. ‘நொடித்த வில்’ என்று பெயரெச்சமாக மட்டும் எங்கும் எழுத வேண்டாம். நொடியின் ஏழாம் வேற்றுமை ‘நொடியில்’ என்பதால் முந்தைய மயக்கமும் இல்லை.

கையேட்டில் ஒரு குறை. ஒரு விசை மட்டும் கெடுவதும் பக்கத்துப் பக்கத்து விசைகள் சேர்ந்து கெடுவதும் ஒன்றல்ல. பல விசைகள் சேர்ந்து கெட்டு, பலகையைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பிளாஸ்டிக் தறையாணிகளின் (ரிவெட்) தலைகள் உடைந்திருக்கின்றன. அவை பிடித்திருக்கும் எஃகுத் தகடு தளர்ந்துவிடும். வில் சரியாக நொடித்தாலும் அடி மென்படலத்தில் பதியாது. வெளியோட்டின் 4 திருகுகளுக்கு 5.5 மி.மீ. நட் டிரைவர் வேண்டும். திருகுக் குழி ஆழம், ஆகவே நட் டிரைவரின் முனை மெல்லிய சுவருடனும் நீளமாகவும் இருக்கட்டும். தறையாணியின் எச்சத்தைச் சீவி, நடுவில் ஊசியால் புள்ளி குத்திய பிறகே 1.6 மி.மீ. துளை போடுங்கள், புள்ளியில்லாமல் துளைப்பான் வழுக்கும். எம்2 (2 மி.மீ. விட்டம்), 8 மி.மீ. நீளத் திருகும் நட்டும் போதும். சிங்கப்பூர் சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இறுக்கிவிடாதீர்கள், பிளாஸ்டிக் விரியும்.

இடுக்கியால் வில்லை இழுக்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். நீண்ட வில் முன்புபோல் நொடிக்காது. நம்மூர் ஈரக்காற்றில் துருப்பிடித்த வில்லும் கரகரக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

---

நொடிவில் என்றே மாற்றிவிட்டேன், ஐயா. தறையாணிப் பகுதியைத் தனி அத்தியாயமாக்குகிறேன். அடியில் சாயும் அந்தத் துண்டை ஆங்கிலத்தில் ஹாமர் என்கிறார்கள். ‘சம்மட்டி’ என்று வரைவில் இருக்கிறது. விரல்நுனி அளவுகூட இல்லாத பொருளுக்கு அது பெரிது. ‘சுத்தி’ என்று போடலாமா?