ஆஸ்பத்திரியை இடம் மாத்தறாங்க, அம்மாவை யாரு கேட்பா?

கேள்வி: கேரளாவுல, பாலக்காடு பக்கம் சித்தூர் தாலுகாவுல எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தை மெயின்ரோட்டுக்கு மாத்தப் போறாங்களாம். நோயாளிகள் கருத்துச் சொல்லணும்னு நோட்டீஸ், முழுக்க மலையாளத்துல. எங்கம்மாவுக்கு அதுல ஓரெழுத்துகூடத் தெரியாது. சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் முட்டிவலியோட, மஞ்சப்பையில சீட்டை மடிச்சு வெச்சுக்கிட்டு நடந்தே போறவங்க. புது இடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும்.

பதில்: தமிழ்லயே எழுதிக் கொடுங்க அக்கா. 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கு.

இன்னொரு பதில்: ஆரம்ப சுகாதார நிலையம் பஞ்சாயத்துப் பொறுப்புலதான் இருக்கு. வார்டு வாக்காளர்கள்ல 10 சதவீதம் பேர் எழுதிக் கொடுத்தா 15 நாளுக்குள்ள சிறப்பு கிராமசபை கூட்டணும். ஞாயித்துக்கிழமையாக் கேளுங்க, தோட்டவேலைக்குப் போறவங்களும் வரட்டும்.

கேட்டவர்: சரிங்க. நாளைக்கே நோட்டை எடுத்துக்கிட்டு வீடுவீடாப் போறேன். முதல் கையெழுத்து அம்மாவோடது.