பதினாறு, பதினேழு வயதில் வேலை, உதவித்தொகை, தொண்டு: உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

ஈரோட்டு அத்தை:

என் அண்ணன் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். லீவில் ஏதாவது வேலைக்குப் போக வேண்டும், மேலே படிக்க உதவித்தொகை எதுவும் கிடைக்குமா பார்க்க வேண்டும் என்று தினமும் என்னைக் குடைகிறான். இணையத்தில் தேடினால் பக்கத்து வீட்டு நாயை நடக்கக் கூட்டிப் போ, புல்வெளியை வெட்டிக் கொடு என்று யோசனை சொல்கிறார்கள். எங்கள் தெருவில் நாய்கள் யார் துணையும் இல்லாமல் நன்றாகவே நடக்கின்றன. அந்த வயதில் நீங்கள் என்ன செய்தீர்கள், யார் சொல்லித் தெரிந்தது? அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

பந்திக்காரன்:

அக்கா, நான் கரூர். பதினொன்றாவது படிக்கும்போது கேட்டரிங் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் தெரு அண்ணன் ஒருவர், "நாளைக்கு ஆள் குறையுது, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இன்டர்வியூ முடிந்தது.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மதியம் அண்டா, வாளிகளோடு டாடா ஏஸில் ஏறிவிட வேண்டும். ராத்திரி ரிசப்ஷன் சாப்பாட்டில் கடைசிப் பந்தி முடியப் பதினொரு மணி ஆகும். மண்டபத்திலேயே ஜமக்காளத்தை விரித்துப் படுத்து, நாலு மணிக்கு எழுந்து காலை டிபனுக்கு நிற்க வேண்டும். புதிதாக வருகிறவனுக்கு முதலில் தண்ணீர் பாட்டிலும் இலை போடுவதும்தான். நுனி சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம் வரவேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல் என்று ஒவ்வொன்றாகக் கையில் வரும். சாம்பார் வாளி கடைசியில்தான் கிடைக்கும், ஏனென்றால் சுற்றிலும் பட்டுப் புடவைகள். கரண்டியின் அடியை வாளி விளிம்பில் ஒரு வழி வழித்துவிட்டுத்தான் இலைப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அதைப் பழகாதவனை மறுபடி தண்ணீருக்கே அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, "போதும் போதும்" என்று வாயால் சொல்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் வைக்கலாம். இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்கிறவருக்குத்தான் உண்மையிலேயே போதும்.

சம்பளம் ஐந்நூறு ரூபாய், பாத்திரம் ஏற்றி முடித்ததும் கையில். வேறொரு ஆளிடம் போனபோது, அடுத்த முகூர்த்தத்தில் சேர்த்துத் தருகிறேன் என்றே கடைசிவரை ஓட்டினார். அதனால் உங்கள் பையனிடம், அன்றைக்கே காசு தருகிறவரிடம் மட்டும் போகச் சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது. தையிலும் மாசியிலும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆனால் அப்போதுதான் பிளஸ் டூ திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் வரும். லீவில் செய்வதென்றால் சித்திரை, வைகாசிதான் தோது.

பழைய வாத்தியார்:

தம்பி, உன் சாம்பார் வாளி நுணுக்கம் அருமை. ஆனால் அந்த ஜமக்காளம் சட்டத்துக்கு ஆகாது. 1986ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தியது. பதினாலு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுப்பது போன்ற சில விலக்குகளைத் தவிர. பதினாலு முடிந்து பதினெட்டு ஆகாதவர்களைச் சுரங்கம், வெடிமருந்து, தீப்பிடிக்கும் பொருட்கள், ஆபத்தான ஆலைப் பணிகள் இவற்றில் சேர்க்கக் கூடாது. மற்ற வேலைகளில் அவர்களுக்கு வைத்திருக்கிற விதி: மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை கூடாது, நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். ராத்திரி ஏழு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை வேலை வாங்கக் கூடாது. ஓவர்டைமும் கூடாது. வாரம் ஒரு நாள் லீவு. அதன்படி பார்த்தால் மதியப் பந்தி மட்டும்தான் உனக்கு.

இதை வேடிக்கையாகச் சொல்கிறேன், ஆனால் திண்டுக்கல் பக்கம் வேலை பார்த்த காலத்தில் வேடிக்கையாக இல்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் ஊருக்குள் புரோக்கர்கள் வருவார்கள். பெண் பிள்ளை மில்லுக்கு மூன்று வருடம் வந்தால் போதும், விடுதி, சாப்பாடு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயரும் வைத்திருந்தார்கள். மூன்று வருடம் முடியும் முன்னே உடம்பு முடியாமல் திரும்பிய பிள்ளைகளுக்கு அந்தத் தொகை வரவில்லை. மொத்தமாகக் கடைசியில் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த முகங்கள்தான் நினைவுக்கு வரும். பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளை எங்காவது மாட்டிக்கொண்டிருந்தால் 1098க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

துறையூர்ப் பெண்:

எனக்கு வேலை அனுபவம் கிடையாது, உதவித்தொகை அனுபவம் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ், அதாவது மத்திய அரசின் வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகைத் தேர்வு. எங்கள் கணக்கு சார் சாயங்காலம் மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்புத் திறன் தேர்வில் 90 கேள்வி. அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்க வேண்டும், வீட்டு வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 6,695 பேருக்கு இடம். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை வருடம் 12,000 ரூபாய், நாலு வருடத்தில் 48,000.

பட்டியலில் பேர் வந்த அன்றைக்கு மிட்டாய் கொடுத்தோம். பணம் வரவில்லை. ஆதாரில் என் இனிஷியல் பேருக்குப் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் முன்னால். அதைச் சரிசெய்தும் வரவில்லை. அம்மாவும் நானும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போவோம், எந்திரத்தில் பதிந்து பார்ப்போம், பழைய பாக்கியேதான் இருக்கும். கடைசியில் எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் இருந்த அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "உனக்கு வேற எங்கயாவது கணக்கு இருக்கா?" இருந்தது. பள்ளியில் முகாம் போட்டபோது இன்னொரு வங்கியில் திறந்தது, ஆதாரையும் அப்போது அதில் சேர்த்துவிட்டார்கள். அரசுப் பணம் நாம் எழுதிக்கொடுக்கிற கணக்குக்கு வருவதில்லை, ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கைச் சேர்த்திருக்கிறோமோ அதில்தான் விழும். அங்கே போய்ப் பார்த்தால் முழுத் தொகையும் அப்படியே கிடந்தது.

அம்மாவின் தோடு அடகில் இருந்தது. முதல் வருடப் பணம் அதற்குப் போனது. படிப்புக்குத்தான் செலவழித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், அதுதான் நிறையப் பேருக்குத் தவறிப்போகிறது. பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 55. எங்கள் வகுப்பில் ஒருத்தி 58 எடுத்து நின்றுபோனாள்.

ஈரோட்டு அத்தை:

இவன் எட்டாவதில் எழுதவில்லையே. இனி ஒன்றும் கிடையாதா?

பழைய வாத்தியார்:

இருக்கிறது அம்மா. இரண்டு தேர்வு உண்டு. ஒன்று பதினொன்றாம் வகுப்பில் எழுதும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடம். பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மீதிக்குத் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் தரத்தில் கேட்பார்கள், பெரும்பாலும் அக்டோபரில் நடக்கும். இன்னொன்று முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளிக்கு மட்டும், எந்த வகுப்பில் எழுதுவது என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்நூறு பையன், ஐந்நூறு பெண், பட்டப்படிப்பு முடியும்வரை வருடம் 10,000. ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்பதாம் வகுப்பில் ஒன்று உண்டு, கிராமத்துப் பிள்ளைகளுக்கு, வருடம் 1,000 ரூபாய். அந்தத் தொகையை ஏற்றாமலே வைத்திருக்கிறார்கள், அது போகட்டும்.

ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் கல்லூரியில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், அது 2022இலேயே வந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில்தான்.

எழுதும் கை:

தொண்டு பற்றி யாரும் சொல்லவில்லை. நான் திருச்சி. பிளஸ் டூ படிக்கும்போது பார்வையில்லாத ஒரு அண்ணாவுக்குக் கல்லூரித் தேர்வு எழுதிக்கொடுத்தேன். அவர் கல்லூரியிலிருந்து எங்கள் பள்ளியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பார்க்கும் மிஸ்ஸிடம் கேட்டிருந்தார்கள். தேர்வு எழுதுகிறவர் தானே ஆளைக் கூட்டிவந்தால், அந்த ஆள் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அதனால் பி.ஏ. எழுதுகிறவருக்கு என்னைப் போன்ற ஆள்தான் சரி. மணிக்கு இருபது நிமிடம் வீதம் கூடுதல் நேரம் தருவார்கள், மூன்று மணித் தேர்வு நாலு மணி ஆகும்.

வரலாற்றுத் தாள். உட்கார்ந்ததும், முதலில் முழுக் கேள்வித்தாளையும் படி, எதையும் எழுதாதே என்றார். படித்தேன். இரண்டாவது தடவை ஐந்து கேள்வியை மட்டும் படிக்கச் சொன்னார், வரிசையை மாற்றிக்கொண்டார். நடுவில் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவிப் பார்ப்பார், "எத்தனை பக்கம் ஆச்சு?" என்பார். துக்ளக் தலைநகரை தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றிய கேள்வியில் மூன்று காரணம் சொல்லிவிட்டு நிறுத்தினார். நாலாவது எனக்குத் தெரியும். பேனா காகிதத்தின் மேல் நிற்கிறது, மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நிற்கிறார். "அடுத்த கேள்வி" என்றார், போய்விட்டோம்.

வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, "உன் கையெழுத்து வேகம், ஆனா படிக்கும்போது கடைசி வார்த்தையை முழுங்குற" என்றார். வீட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதன்பிறகு வருகிற ஆட்களெல்லாம் என்னையே கேட்க ஆரம்பித்தார்கள்.

பந்திக்காரன்:

சர்டிபிகேட் கொடுத்தார்களா?

எழுதும் கை:

தனியாக ஒன்றும் இல்லை. என்எஸ்எஸ்ஸில் வருடம் 120 மணி நேரம் காட்ட வேண்டும், மிஸ் அந்தக் கணக்கில் ஏற்றிக்கொண்டார்.

அடையாறு:

சென்னைப் பிள்ளைகளுக்கு ஒன்று. ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்று 1988இலிருந்து மாணவர்கள் நடத்துகிறார்கள். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிட வரும் மாதங்களில் ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மணலில் நடப்பார்கள். நான் போனபோது அப்பாவும் கூட வந்தார், பாதி வழியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆமை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் டயர் போன மாதிரி கிடக்கும். தடம் முடியும் இடத்தில் குழியைக் கண்டுபிடித்து, நூறு முட்டைக்கு மேல் ஒவ்வொன்றாக எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் மறுபடி புதைக்க வேண்டும். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். காசு வராது, தூக்கம் போகும். ஆனாலும் போங்கள்.

விருதுநகர் அண்ணன்:

அத்தை, பையன் கையில் போன் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள். என் தம்பிக்குப் பதினேழு வயதில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று ஒரு மெசேஜ் வந்தது. பக்கம் பக்கமாக அனுப்பினார்கள், ஒரு வாரம் உட்கார்ந்து அடித்தான். முடித்ததும், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், பணம் கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பினார்கள். பயந்துபோய் இரண்டு நாள் சாப்பிடவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வக்கீல் ஒருவர் இருக்கிறார். பார்த்துவிட்டுச் சிரித்தார். பதினெட்டு வயது ஆகாதவன் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லவே செல்லாது, கிழித்துப் போடு என்றார். பணம் கட்டவில்லை. நோட்டீஸ் அனுப்பிய ஆளும் அதற்கப்புறம் வரவில்லை.

பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், அது இணையமோசடிப் புகாருக்கான எண். இன்னொரு வகை இருக்கிறது. "வேலை எதுவும் வேண்டாம், உன் வங்கிக் கணக்கை மட்டும் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பார்கள். அது ஏமாற்றிச் சேர்த்த பணத்தைச் சுற்றிவிடும் வழி. போலீஸ் முதலில் கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவன் வீட்டுக்குத்தான் வரும்.

ஈரோட்டு அத்தை:

எல்லோருக்கும் நன்றி. பையனுக்குப் படித்துக் காட்டினேன். ஆமை என்றதும் கண் விரிந்தது, ஈரோட்டில் கடல் இல்லை என்றேன். கேட்டரிங்குக்கு அவன் அப்பா முடியாது என்றுவிட்டார். எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஜவுளிச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கிறார், காலை ஒன்பதிலிருந்து மதியம்வரை துணி மடிக்க, பில் எழுத வரச் சொல்லியிருக்கிறார். வாரச் சம்பளம், சனிக்கிழமை கையில். அக்டோபர் தமிழ்த் தேர்வுக்குப் பத்தாவது புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போடாமல் எடுத்து வைத்துவிட்டேன். வேறு என்ன இப்போதே செய்து வைக்க வேண்டும்?

துறையூர்ப் பெண்:

வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவையில் போடுங்கள் அக்கா. கட்டணம் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே போய்த்தான் வரும். ஜூனில் பள்ளி திறந்ததும் ஊரே அங்கே நிற்கும். போகும்போது பையனின் ஆதார் எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.