மிளகு உதிர்க்கும் மிஷின்: வரைபடம் கொடுத்தும் பாகங்கள் சேரவில்லை, தப்பு எங்கே?

கொடிமிளகு (கேள்வி)

வணக்கம். ஏற்காடு பக்கம் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியிருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்காக, கையால் சுற்றி மிளகு உதிர்க்கும் சின்ன மிஷின் ஒன்றை வடிவமைக்கிறேன். தகடு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 2 மி.மீ. ஷாஃப்ட் (சுழல் தண்டு) 20 மி.மீ. இரண்டு பக்கமும் யூசிபி 204 பிளம்மர் பிளாக் (போல்ட்டில் பிடிக்கும் கூட்டோடு வரும் பேரிங்). சேலத்தில் ஒரு பட்டறையில் வரைபடம் கொடுத்துச் செய்து வாங்கியதில் மூன்று சிக்கல்:

1. 'எல்' பிராக்கெட் 50 × 30 கேட்டிருந்தேன். 80 மி.மீ. பட்டையை வெட்டி மடித்ததில் ஒரு கால் 50, இன்னொன்று 34.

2. ஷாஃப்ட் பேரிங்கில் நுழையவில்லை. அளந்தால் 20.04. வரைபடத்தில் "விட்டம் 20" என்றுதான் இருக்கிறது.

3. பக்கத் தகட்டில் கைப்பிடிக்கான நீள்துளை எதிர்ப்பக்கம் விழுந்திருக்கிறது.

பட்டறைக்காரர் "வரைஞ்சபடிதான் செஞ்சோம்" என்கிறார். தை, மாசியில் அறுவடை. அதற்குள் முதல் மிஷின் மலைக்குப் போகணும். வரைபடத்தை எப்படி மாற்றுவது? எதிலிருந்து தொடங்கி எந்த வரிசையில் போயிருக்கணும்?

வெர்னியர்

அவர் சொல்வது சரிங்க. மூன்றுமே வரைபடத்தில் இருக்கும் தப்பு.

ஷாஃப்டை முதலில் பார்க்கலாம். டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) எழுதாமல் வெறும் 20 என்று போட்டால் பொது டாலரன்ஸ்தான் பொருந்தும். ஐ.எஸ். 2102 என்ற இந்தியத் தரநிலையின் நடுத்தர வகுப்பில் 6-க்கு மேல் 30 வரை உள்ள அளவுக்கு ±0.2. அதாவது 19.8 முதல் 20.2 வரை எது வந்தாலும் பாஸ். 20.04-ஐத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு வழியே இல்லை.

உங்களுக்கு வேண்டியது கையால் தள்ளினால் உள்ளே போய், கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) இறுக்கினால் நிற்கும் ஷாஃப்ட். கைசுற்று வேகத்துக்கு எச்8 என்ற டாலரன்ஸ் குறியீடு போதும்: 20-க்கு மேல் 0, கீழ் −0.033. வரைபடத்தில் குறியீட்டோடு எண்ணையும் எழுதுங்க, லேத்தில் நிற்பவர் அட்டவணையைத் தேடமாட்டார். இன்னொன்று, ஷாஃப்டுக்குச் சின்ன எச், துளைக்குப் பெரிய எச். சின்னதுக்குப் பதில் பெரியதைப் போட்டால் டாலரன்ஸ் 20-க்கு மேல்பக்கம் போய்விடும், மறுபடி நுழையாது. பிரைட் பார் (வழவழப்பாக்கி விற்கும் கம்பி) வாங்கும் கடையிலேயே மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்து, எங்கும் 20.00-ஐத் தாண்டாமலும் 19.967-க்குக் குறையாமலும் இருந்தால் அதை லேத்தில் கடையவே வேண்டாம். கடைசல் கூலி மிச்சம்.

அதற்காக எல்லா அளவுக்கும் டாலரன்ஸ் போட்டுத் தள்ளாதீங்க. பேரிங் உட்காரும் இடம், இரண்டு பிளம்மர் பிளாக்கின் மையம், டிரம்முக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளி, இந்த மூன்றுக்கு மட்டும் போதும். தகட்டின் வெளி ஓரத்துக்கு ±0.05 என்று எழுதினால் கூலி ஏறுமே தவிர மிளகு கூடுதலாக உதிராது.

நீள்துளை மாறியதற்குக் காரணம் அனேகமாக கேட் (கணினியில் வரையும்) மென்பொருள். நம் ஊர்ப் பாடமும் ஐ.எஸ். முறையும் முதல் கோணம் என்ற வரையும் முறை: இடமிருந்து பார்த்த தோற்றத்தை வலப்பக்கம் வரையணும். மென்பொருள் மூன்றாம் கோணத்தில் திறந்திருந்தால் அதே தோற்றம் இடப்பக்கம் விழும். படிப்பவர் ஒன்றை நினைக்க, வரைந்தவர் ஒன்றை நினைக்க, பாகம் கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்து நிற்கும். தலைப்புக் கட்டத்தில், எந்தக் கோணம் என்று காட்டும் வெட்டுக்கூம்புக் குறியைக் கட்டாயம் போடுங்க. முதல் கோணம் என்றால் கூம்பு இடப்பக்கம், அதன் சின்ன முனை இடது பார்த்து, இரட்டை வட்டம் வலப்பக்கம். குறியை மட்டும் நம்பாமல், தகட்டில் "வெளிமுகம்" என்று அம்பு காட்டி எழுதிவிட்டால் சண்டையே வராது.

தகடுமடி

பிராக்கெட் கணக்கு நான் சொல்றேன்.

மடிக்கும்போது வளைவின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். நீளம் மாறாத கோடு தகட்டுக்கு உள்ளே எங்கோ ஓடும். அந்த இடத்தைச் சொல்வது கே காரணி, இங்கே 0.4 என்று வைக்கலாம். 90 பாகை மடிப்பில் வளைவுக்குச் செலவாகும் நீளம் = 1.571 × (உள் ஆரம் + கே × தடிமன்).

உள் ஆரம் 2 என்றால் 1.571 × 2.8 = 4.4. ஆரமும் தடிமனும் சேர்ந்து 4, அதனால் நேர்ப்பகுதிகள் 50 − 4 = 46, 30 − 4 = 26. மொத்தம் 76.4. நீங்கள் 80 வெட்டியதால் 3.6 கூடி இரண்டாவது கால் 33.6 வந்திருக்கணும். ஆனால் 34 வந்திருக்கு இல்லையா? அந்த மிச்சம் டையில் (தகட்டை வைத்து அழுத்தி மடிக்கும் அச்சு) இருக்கு. 2 மி.மீ. தகட்டுக்கு வி வடிவ டையின் அகலம் வழக்கமாக தடிமனைப் போல 8 மடங்கு, 16 மி.மீ. ஸ்டெயின்லெஸ்ஸில் உள் ஆரம் வி அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரும், அதாவது 3.2. அதைப் போட்டால் வளைவு 6.3, நேர்ப்பகுதிகள் 44.8-ம் 24.8-ம், மொத்தம் 75.9. இப்போது 80-இல் வித்தியாசம் 4.1. உங்கள் 34 வந்துவிட்டது.

ஆக வரைபடத்தில் ஆரம் 2 என்று நீங்கள் எழுதினாலும், ஆரத்தை முடிவு பண்ணுவது பட்டறையில் இருக்கும் டைதான். கணக்கைவிட நல்ல வழி ஒன்று: அதே தகட்டில் சரியாக 100 மி.மீ. பட்டை வெட்டி, அதே டையில் நடுவே மடித்து, இரண்டு காலையும் வெளிப்புறம் அளந்து கூட்டுங்க. 100-க்கு மேல் எவ்வளவு வருதோ அதுதான் ஒரு மடிப்புக்குக் கழிக்க வேண்டியது. பத்து நிமிஷ வேலை.

இதோடு இரண்டு விஷயம். அந்த 16 டையில் 12 மி.மீ.க்குக் குறைவான கால் கேட்காதீங்க, ஓரம் வி-க்குள் சரிந்துவிடும். மடிப்புக்குப் பக்கத்தில் துளை வைத்தால் முட்டை மாதிரி நீளும். மடிப்பின் உள்முகத்திலிருந்து துளை ஓரம் வரை ஆரத்தோடு தடிமனைப் போல இரண்டரை மடங்கு, உங்களுக்கு 8.2 மி.மீ., விடுங்க. தடிமனை "16 கேஜ்" என்றெல்லாம் எழுத வேண்டாம், மி.மீ.யில் எழுதுங்க.

ஏ3தாள்

கேள்வியின் கடைசி வரிக்கு யாரும் பதில் சொல்லலையே. வரிசைதான் முக்கியம்.

வரைபடத்துக்கு முன் ஒரு பக்கத்தில் தேவைகளை எண்ணோடு எழுதுங்க. "லேசா இருக்கணும்" என்பது தேவை ஆகாது. "இரண்டு பேர் தூக்கி ஜீப்பில் ஏற்றணும், 25 கிலோவுக்குள்" என்பது தேவை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற சாமான், போல்ட் நட்டு தளராத மாதிரி லாக் நட் என்று அதிலேயே எழுதலாம். மிளகு நசுங்கக்கூடாது என்றால், பறித்த பச்சை மிளகில் 50 மணியை வெர்னியரில் அளந்து, சின்னதும் பெரியதும் குறித்துக்கொண்டு, சல்லடை இடைவெளியை அதிலிருந்து எடுங்க. மரத்துக்கு மரம் மணி அளவு மாறும், அதனால் இடைவெளி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

பிறகு கையால் மூன்று விதமான யோசனை வரைந்து பாருங்க, அளவு வேண்டாம். தேர்ந்ததை அட்டையிலோ பிளைவுட்டிலோ முழு அளவில் செய்து, நிஜமாகச் சுற்றப் போகிறவரை நிறுத்திக் கைப்பிடி உயரத்தைப் பாருங்க. உயரத் தப்பை அட்டையில் கண்டுபிடித்தால் கத்தரிக்கோல் போதும், ஸ்டெயின்லெஸ்ஸில் கண்டுபிடித்தால் மறுபடி தகடு.

அப்புறம்தான் வரைபடம். முதலில் முழு மிஷினுக்கு ஒரு சேர்ப்பு வரைபடம், ஏ3 தாளில், 1:5. பாகங்களுக்கு எண், பக்கத்தில் பட்டியல்: எது வாங்குவது, எது செய்வது, எத்தனை, என்ன உலோகம். மிளகு படும் இடத்துக்கு மட்டும் 304, கால்களுக்குப் பெயிண்ட் அடித்த சாதா இரும்பு போதும். பிறகு செய்யும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தாள்.

அளவு கொடுக்கும்போது ஒரு கவனம். சல்லடைச் சட்டத்தில் 80 இடைவெளியில் 5 துளை என்று வையுங்க. 80, 80, 80, 80 என்று சங்கிலியாகப் போட்டால் ஒவ்வொன்றிலும் ±0.3 சேர்ந்து, கடைசித் துளை ±1.2 வரை நகரலாம். எல்லாவற்றையும் முதல் துளையிலிருந்தே 80, 160, 240, 320 என்று போட்டால் கடைசித் துளைக்கும் ±0.5 தான். ஒரே அளவை இரண்டு இடத்தில் எழுதாதீங்க. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவீங்க. தலைப்புக் கட்டத்தில் திருத்த எண்ணும் தேதியும் வேணும். பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவதைவிட மோசம், பழைய தாளும் புதிய தாளும் ஒரே மேஜையில் கிடப்பது.

கொடிமிளகு

எல்லாருக்கும் நன்றிங்க. மென்பொருளைத் திறந்து பார்த்தேன், மூன்றாம் கோணத்தில்தான் இருந்தது. ஒரு சந்தேகம்: பிளம்மர் பிளாக் துளைகளை லேசர் வெட்டும்போதே போட்டுவிடலாமா? மையத்துக்கு மையம் 95, எம்10 போல்ட், 11 மி.மீ. துளை என்று வைத்திருக்கிறேன்.

வெர்னியர்

அளவு சரிதான். ஆனால் லேசரில் போடாதீங்க. 304 சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டையும் சீக்கிரம் கடத்தாது, அதனால் வெல்டிங்கில் நன்றாகவே கோணும். முன்கூட்டியே போட்ட துளைகள் இரண்டு பக்கமும் நேர்கோட்டில் நிற்காது. லேசரில் மையத்துக்கு 3 மி.மீ. பைலட் துளை (இடம் காட்டும் சின்னத் துளை) மட்டும். வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு, ஷாஃப்டைப் பிளம்மர் பிளாக்கோடு வைத்து, கையால் சுற்றி இறுக்கம் இல்லாத இடத்தில் குறித்து 11-க்குத் துளையிடச் சொல்லுங்க. பைலட் சற்று விலகியிருந்தால் அதை விட்டுவிட்டுக் குறியைப் பின்பற்றணும். பிளாக்கின் அடியிலிருந்து மைய உயரம் 33.3. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைக்கலாம், பேரிங்கை போல்ட்டால் இழுத்துப் பிடித்து நேராக்க வேண்டாம். "துளை 11, வெல்டிங்குக்குப் பின்" என்ற வாக்கியத்தைத் தாளின் மூலையில் போடாமல், துளைக்குப் பக்கத்திலேயே அம்பு போட்டு எழுதுங்க.