குடும்பத்தோடு ராஃப்டிங்: நீச்சல் தெரிந்தால் போதுமா?

பாளை_சுந்தரம்
வணக்கம். பிள்ளைகள் ராஃப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகில் துடுப்புப் போட்டுப் போவது) போயே ஆகணும் என்று ஒரே பிடிவாதம். பையனுக்கு 15, மகளுக்கு 9. மே லீவில் கூர்க் போகலாம், ஒரு நாள் கைடோடு ஆற்றில் இறங்கிவிட்டு வரலாம் என்று யோசனை. என் மச்சானும் வருகிறார். குறுக்குத்துறையில் ஆறு நிறைந்து ஓடும்போதே அக்கரைக்கு நீந்திப் போகிற ஆள், 'லைஃப் ஜாக்கெட்டெல்லாம் நமக்கு எதுக்குவே' என்கிறார். என் வீட்டுக்காரிக்கு நீச்சலே தெரியாது. யாரைக் கூட்டிப் போகலாம், யாரைக் கரையில் உட்கார வைக்கணும்? போனவர்கள் சொல்லுங்கள்.

அம்பை_மேலக்கரை
அண்ணாச்சி, முதலில் மே மாதத்தை விடுங்கள். கூர்க்கில் பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் நிஜமான வெள்ளைத்தண்ணீர் தெற்கே பாராபோளே ஆற்றில்தான். அது தென்மேற்குப் பருவமழையை நம்பி ஓடுவது, குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். மேயில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். மேயில்தான் முடியும் என்றால் கர்நாடகத்திலேயே வடக்கே இருக்கிற தண்டேலி. அங்கே காளி ஆற்றில் சூபா அணையிலிருந்து தண்ணீர் விட்டால் ராஃப்ட் ஓடும்.

அப்புறம் மகள். பாராபோளே மாதிரி வேகமான ஆறுகளில் சின்னப் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். ரிஷிகேஷிலும் 14 வயது ஆகியிருக்க வேண்டும். யாராவது 'பரவாயில்லை சார், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்' என்றால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மகளுக்குத் துபாரே போதும், யானை முகாமுக்குப் பக்கத்திலேயே காவிரியில் மெதுவாக விடுகிறார்கள்.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். நுரைத்து ஓடும் தண்ணீரில் பாதிக்குமேல் காற்று கலந்திருக்கலாம், அது ஆளைத் தூக்கிப் பிடிக்காது. எவ்வளவு கை வீசினாலும் ஜாக்கெட் இல்லாமல் தலை மேலே நிற்பது கஷ்டம். இன்னொன்று, நீச்சல்காரர்கள் முழங்கால் ஆழம் வந்ததும் எழுந்து நிற்பார்கள். நம் படித்துறையில் சரி. அங்கே பாறை இடுக்கில் கால் மாட்டினால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முகம்குப்புற அமுக்கிவிடும். விழுந்தால் மல்லாந்து, காலை ஆறு போகும் பக்கம் நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிய மிதக்க வேண்டும், கைட் எறியும் கயிறு வரும்வரை.

பொதிகை_சாரல்
இவ்வளவு தூரம் எதற்கு? பாபநாசத்திலிருந்து நம்ம தாமிரபரணி ஆற்றிலேயே விட்டால் ஆகாதா?

அம்பை_மேலக்கரை
மேலே முழுக்கப் புலிகள் காப்பகம். கீழே வந்தால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டு. அணைக்கட்டு தாண்டி விழும் தண்ணீர் அடியில் பின்னோக்கிச் சுருண்டு வரும், அதில் மாட்டினால் ஜாக்கெட் போட்டவனையும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், கசத்தைவிட (ஆற்றின் ஆழமான பள்ளம்) மோசம். போதாததற்கு மேலே மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் இங்கே திடீரென்று மட்டம் ஏறும். வேண்டாம் தம்பி.

வண்ணாரப்பேட்டை_அக்கா
சுந்தரம் அண்ணே, மதினியைத் தாராளமாகக் கூட்டிட்டுப் போங்க. கைட் சொல்வதைக் கேட்கிற ஆளாக இருந்தால் போதும், நீச்சல் தெரிந்தவர்கள்தான் பாதி நேரம் கேட்பதில்லை. ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள், காதுவரை ஏறி வந்தால் அது லூசு, வேறு கேட்கணும்.

துடுப்பின் மேல்முனையில் டி மாதிரி ஒரு பிடி இருக்கும், அதை எப்போதும் உள்ளங்கையால் மூடியே வைத்திருக்க வேண்டும். கையை எடுத்தால் பக்கத்து ஆளின் பல்லில்தான் அடிக்கும். படகு அடிபடும்போது பயந்து துடுப்பை நிறுத்திவிடுவோம், ஆனால் 'ஃபார்வர்ட்' என்றால் எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் அலையைத் தாண்டும். சேலை, துப்பட்டா, ஜீன்ஸ் மூன்றும் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். பேசும்போதே, ராஃப்டுக்கு முன்னால் பாதுகாப்புக்குத் தனியாக ஒரு கயாக் (ஒருவர் ஓட்டும் சின்னப் படகு) வருமா, மழை அதிகமானால் ரத்து செய்து பணம் தருவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ரயில் என்றால் மணியாச்சியில் தூத்துக்குடி–மைசூர் வண்டியைப் பிடியுங்கள், ராத்திரிப் பயணம். மைசூரிலிருந்து ஹுன்சூர், கோணிகொப்பா வழியாகக் கார்.

பாளை_சுந்தரம்
ரொம்ப நன்றி. அப்போ ஆகஸ்டுக்கு மாற்றிவிடுகிறேன். நானும் பையனும் மச்சானும் பாராபோளே, மறுநாள் எல்லாருமாகத் துபாரே. மச்சானுக்கு அண்ணாச்சி எழுதியதைப் படித்துக் காட்டினேன், 'சரி, போட்டுத் தொலைக்கேன்' என்றார்.

வண்ணாரப்பேட்டை_அக்கா
ஆகஸ்ட் 15 ஒட்டி மட்டும் போடாதீங்க அண்ணே, பெங்களூர்க்காரங்க பாதிப் பேர் அங்கேதான் இருப்பாங்க. ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தாலும் துபாரேயை நிறுத்திவிடுவார்கள், முந்தின நாள் போன் போட்டுக் கேட்டுக்கோங்க.