வரம்பரசு, விதிக்குறைப்பு: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அரசின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்னும் ‘லிமிடெட் கவர்ன்மென்ட்’ என்ற கருத்துக்கு இதுவரை முன்வைக்கப்பட்டவற்றுள் ‘வரையறுக்கப்பட்ட அரசு’ என்பதைப் பலர் ஏற்றிருக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. நிறுவனப் பெயர்களின் ஈற்றில் வரும் ‘லிமிடெட்’ என்பதற்கும் அதே சொல் பயன்பட்டு வருகிறது. அதோடு, இவ்வளவு நீண்ட பெயரெச்சத் தொடரிலிருந்து கொள்கையையும் கொள்கையாளரையும் குறிக்கும் கிளைச்சொற்களை எளிதாக ஆக்க முடியாது. நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘சிற்றரசு’ திறை செலுத்திய குறுநில மன்னர்களையே நினைவூட்டும். மேலும் இக்கருத்து அரசின் அளவைப் பற்றியதன்று. சில நூறு பேரை மட்டும் பணியில் வைத்திருக்கும் அரசுகூட ஒரு மனிதரை விசாரணையின்றிச் சிறையில் அடைக்க இயலும்.

என் முன்மொழிவு ‘வரம்பரசு’. குடியரசு, முடியரசு, கூட்டரசு என்ற வரிசையில் இது இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்; புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. நான் வாழும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் வயல் வரப்பை ‘வரம்பு’ என்றே சொல்கிறோம். அந்த வரம்பு, நீரைத் தன் வயலில் நிறுத்திப் பயிருக்குப் பயன்படச் செய்கிறது. அடுத்தவர் வயலுக்குள் பாயவிடாமலும் காக்கிறது. அரசின் அதிகாரத்தைப் பற்றி நாம் சொல்ல விரும்புவதும் இதுவே.

‘குடியரசு’ என்ற சொல்லே போதாதா என்று கேட்டவருக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். ஆட்சி யாருடையது என்ற கேள்விக்குக் குடியரசு விடை தருகிறது. அந்த ஆட்சி எதுவரை செல்லலாம் என்ற கேள்வி அதன்பின்னும் எஞ்சி நிற்கிறது. இந்தியா குடியரசான அதே 1950ஆம் ஆண்டில், பின்னாளில் பாலக்காட்டின் மக்களவை உறுப்பினராக இருந்த ஏ.கே.கோபாலன், விசாரணையின்றி அடைத்துவைக்க இடமளித்த தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ்த் தாம் அடைக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றார். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க, முறையாக இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தால் போதும் என்ற கருத்தே அன்று பெரும்பான்மைத் தீர்ப்பாக அமைந்தது. அச்சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 1978இல் மேனகா காந்தி வழக்கில் உரைக்கும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தன. இத்தனைக்கும், அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தை அரசு இயற்றலாகாது என்று அரசமைப்பின் 13ஆம் உறுப்பு தொடக்கம் முதலே சொல்லிவந்தது. குடியரசு ஒரே நாளில் வந்துவிட்டது. வரம்பரசோ வழக்கு வழக்காகப் போராடிப் பெறப்பட்டது. இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால், கோபாலன் எதை இழந்தார் என்பதை மாணவருக்கு விளக்கவே முடியாது.

அடுத்தது, தொழில்கள் மீதான அரசு விதிகளைக் குறைப்பதைக் குறிக்கும் ‘டீரெகுலேஷன்’. ‘ஒழுங்குமுறை நீக்கம்’ என்று எழுதினால், ஒழுங்கையே நீக்கச் சொல்வதுபோல் ஒலிக்கிறது; கருத்தை ஆராயும் முன்பே அது குற்றவாளியாக்கப்படுகிறது. ‘தளர்வு’ என்ற சொல்லோ 2020இன் ஊரடங்குக் காலத்தில் அரசு மனமிரங்கித் தற்காலிகமாக விட்டுக்கொடுப்பதைக் குறிப்பதாகப் பதிந்துவிட்டது. எனவே ‘விதிக்குறைப்பு’ என்று சொல்லலாம். எதைக் குறைக்கிறோம் என்பதை அது நேராகச் சொல்கிறது.

குறைக்க வேண்டிய விதிகள் இருந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புது நகை செய்வதைத் தடுத்தபோது, வேறு தொழில் அறியாத பொற்கொல்லர் குடும்பங்கள் வாழ்விழந்தன. கடத்தல் நிற்கவில்லை, 1968இல் சட்டமாகவே ஆக்கப்பட்ட தங்கக் கட்டுப்பாடு 1990இல்தான் கைவிடப்பட்டது. தன் கைத்தொழிலைச் செய்ய ஒருவர் அரசிடம் இசைவு கேட்டு நிற்பது பொருளாதாரக் கேடு மட்டுமன்று, மனிதரின் தன்மதிப்புக்கே இழுக்கு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஆயினும் ‘நீக்கம்’ என்னாமல் ‘குறைப்பு’ என்று நான் வலியுறுத்துவதற்கும் எங்கள் வட்டத்திலேயே காரணம் இருக்கிறது. பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அங்குள்ள பழங்குடி மக்கள் போராடினார்கள். பெருமாட்டி ஊராட்சி 2003இல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் உற்பத்தி நின்றது. தனிமனித உரிமையில் அண்டை வீட்டுக்காரரின் கிணற்று நீரும் அடங்கும். அதைக் காக்கும் விதி, வரம்பரசின் வரம்புக்கு உட்பட்டதே. ஆகவே வரம்பரசை வலுவற்ற அரசு என்று பொருள்கொள்ள வேண்டாம் என்ற குறிப்பை அகராதிப் பதிவிலேயே சேர்க்க வேண்டும்.

கிளைச்சொற்களாக வரம்பரசுக் கோட்பாடு, வரம்பரசாளர் என்பவற்றைப் பரிந்துரைக்கிறேன். 1991ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை, 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்ததே, அதை ‘உரிம நீக்கம்’ என்று தனிச்சொல்லாகப் பதிவதா, விதிக்குறைப்பின் ஒரு வகையாக அடக்குவதா என்பதில் எனக்கு இன்னும் முடிவு ஏற்படவில்லை. அரசறிவியல் பயிற்றும் உறுப்பினர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.