புதுப்பிப்பு: தண்டர்பேர்டு தேடலில் பழைய மடல்கள் வராத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் பழைய மடல்கள் ஃபோல்டரில் இருந்தும், மேலே உள்ள பொதுத் தேடலில் வரவில்லை என்பதுதான் நான் கேட்ட கேள்வி.

‘ரிப்பேர் ஃபோல்டர்’ என்ற பொத்தான் பலிக்கவில்லை. அது அந்தந்த ஃபோல்டரின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். பொதுத் தேடலுக்குத் தனி இன்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை) இருக்கிறது. அதை அழிக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய், நம் மடல்களும் அமைப்புகளும் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, தண்டர்பேர்டை முழுசாக மூடிவிட்டு, ‘குளோபல்-மெசேஜஸ்-டிபி.எஸ்க்யூலைட்’ கோப்பை மட்டும் நீக்கினேன். மறுபடி திறந்ததும் தானாகவே புது இன்டெக்ஸ் உருவாகத் தொடங்கியது. டூல்ஸில் ஆக்டிவிட்டி மேனேஜரில் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கலாம்.

எதிர்பாராதது: புது இன்டெக்ஸ் உருவாகி முடியும்வரை பொதுத் தேடல் அரைகுறைதான். திறந்திருக்கும் ஃபோல்டரின் பட்டியலை மட்டும் வடிகட்டும் குயிக் ஃபில்டர் இந்த இன்டெக்ஸை நம்பியில்லை, அதனால் அது வழக்கம்போல ஓடியது. காலெண்டருக்கும் சேதமில்லை, அது ‘காலெண்டர்-டேட்டா’ ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. அங்கே கை வைத்துவிடாதீர்கள்!